உப அதிபர் பதவிக்கு யாரைக் கூப்பிட்டுச் சொல்கிறீர்கள்?

ரொறன்ரோ பெரும்பாகத்தின் பொதுக் கல்விச்சபைகளை நடத்தும் பணிப்பாளர்களுக்கும், மாகாணம் நியமித்த மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். இதை ஆங்கிலத்திலும் எழுதி உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது, இதைப் படிக்க வேண்டியவர்கள் நீங்கள் மட்டும் இல்லை என்பதால். விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். "அதெல்லாம் அவையின்ர வேலை, நாங்கள் ஏன் தலையிடுவான்" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோர் அவர்களை விட அதிகம். அவர்களும் படிக்கட்டும்.

வழக்கமாக இப்படியான விஷயத்தை நாங்கள் தேர்ந்தெடுத்த கல்விச்சபை உறுப்பினரிடம்தான் கொண்டு போவோம். ஆனால் 2025 ஜூனில் ஒன்ராறியோ அரசு, பணக் கணக்கைக் காரணம் காட்டி, ரொறன்ரோ பொதுக் கல்விச்சபை, ரொறன்ரோ கத்தோலிக்க கல்விச்சபை, டஃபரின்-பீல் கத்தோலிக்க கல்விச்சபை, ஒட்டாவா-கார்ல்டன் கல்விச்சபை ஆகிய நான்கையும் மேற்பார்வையாளர்களின் கையில் கொடுத்தது. உறுப்பினர்களின் அதிகாரம் அதோடு போனது. தமிழர்கள் இந்த நாட்டு அரசியலில் முதன்முதலில் கால் வைத்த இடங்களில் கல்விச்சபையும் ஒன்று. 2006இல் யோர்க் வட்டாரக் கல்விச்சபைக்கு நீதன் சண் தேர்வானது பலருக்கு நினைவிருக்கும். வாக்குப் போட்டு அனுப்பும் கதிரைகளில் எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வாக்குச் சீட்டால் நிரப்ப முடியாத கதிரை ஒன்று இருக்கிறது. அது பாடசாலை அதிபரின் கதிரை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோ நகரில் 55.7 சதவீதத்தினர் வெள்ளையர் அல்லாதோர். பக்கத்து நகரங்களான மார்க்கத்திலும் பிராம்டனிலும் அது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. காலை மணி அடிக்கும்போது ஸ்காபரோவின் எந்தப் பாடசாலை வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். அதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஆசிரியர் அறைக்குள் போனால் படம் மாறுகிறது. 2011இல் ஒன்ராறியோவின் மக்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் வெள்ளையர் அல்லாதோர். ஆசிரியர்களில் அவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அதன் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க வந்த எங்கள் இளைய தலைமுறையை இன்று எல்லாப் பாடசாலையிலும் காண்கிறேன். ஆனால் மேலே ஏறும் ஒவ்வொரு படியிலும் அந்த முகங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

இது தானாக நடந்த ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாகாணத்தில் 1993இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஒன்று நிறைவேறியது. யார் வேலையில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கணக்கெடுத்து, இடைவெளியைக் குறைக்கத் திட்டம் போட வேண்டும் என்று அது நிறுவனங்களுக்குச் சொன்னது. 1995இல் ஆட்சி மாறியதும் அதை ரத்துச் செய்தார்கள். ரத்துச் செய்த சட்டம் அதோடு நிற்கவில்லை: அந்தக் கணக்கெடுப்புக்காகச் சேர்த்த தகவல்களை அழித்துவிடவும் சொன்னது. எண்ணிப் பார்க்கத் தொடங்கிய கையோடு எண்ணியதை எரித்த மாகாணம் இது. முப்பது வருடம் கழித்தும் எண்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதிபர் யார் என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பலர் அதை வெறும் அடையாள ஆசை என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒன்ராறியோ கல்விச் சட்டப்படி ஒரு பிள்ளையை 1 நாளிலிருந்து 20 நாள் வரை இடைநிறுத்தும் அதிகாரம் அதிபரிடம் இருக்கிறது. அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் தலைமையில் 2017இல் வந்த அறிக்கை, ரொறன்ரோ கல்விச்சபையின் சொந்தத் தரவுகளையே எடுத்துக் காட்டியது: உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்குள் ஒருமுறையாவது இடைநிறுத்தப்பட்டவர்கள் கறுப்பின மாணவர்களில் 42 சதவீதம், வெள்ளையின மாணவர்களில் 18 சதவீதம். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் 'அக்கடமிக்' வகுப்புகளில் இருந்தவர்கள் முறையே 53, 81 சதவீதம். எங்கள் பிள்ளைகளை இந்த எண்கள் நேரடியாகக் குறிக்கவில்லை என்று நாங்கள் நிம்மதிப்பட்டுக்கொள்வது சரியில்லை. தொண்ணூறுகளில் தமிழ்ப் பொடியன்கள் நாலு பேர் ஒன்றாக நின்றாலே 'காங்' (குற்றக் கும்பல்) என்று பார்க்கப்பட்ட காலத்தை இங்கே வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு தமிழ் அதிபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஊரில் அதிபர்மாரின் பிரம்பை வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாங்கள். தன் இனத்துப் பிள்ளையிடமே கூடுதல் கடுமையாக நடக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அதிபர் செய்யும் இன்னொரு வேலையைக் கவனியுங்கள்: ஆசிரியர்களை எடுப்பது. யார் நேர்முகத்துக்கு வருகிறார்கள், யாருக்கு நீண்டகாலத் தற்காலிக வேலை கிடைக்கிறது, யாரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறார்கள் என்பதில் அதிபரின் கை இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி, மிசூரி மாநிலங்களின் பல வருடத் தரவுகளை வைத்து பிரெண்டன் பார்ட்டனன், ஜேசன் கிரிஸம் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பார்த்தார்கள். கறுப்பின அதிபர் இருக்கும் பாடசாலையில் புதிதாகக் கறுப்பின ஆசிரியர்கள் எடுக்கப்படுவது கூடுகிறது. ஏற்கனவே இருப்பவர்கள் விட்டுப் போவது குறைகிறது. ஒரு அதிபர் நியமனம் பத்து வருடத்துக்கு ஒரு ஆசிரியர் அறையின் முகத்தையே மாற்றக்கூடியது.

சரி, ஆட்கள் இல்லையா? இதைத்தான் எப்போதும் சொல்கிறார்கள்: "விண்ணப்பிக்க ஆட்கள் வருவதில்லை, வந்தால் எடுக்க மாட்டோமா?" அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2001 முதல் 2017 வரை 4,600க்கும் மேற்பட்ட உப அதிபர்களின் பணிப் பாதையைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. எல்லோரும் ஏற்கனவே தகுதி பெற்றவர்கள், பதவியில் இருப்பவர்கள். படிப்பு, அனுபவம், பாடசாலை வகை, இடம் எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தபோதும் கறுப்பின உப அதிபர் ஒருவர் அதிபராகும் வாய்ப்பு வெள்ளையினத்தவரை விட 18 சதவீதம் குறைவு. ஆனவர்களும் சராசரியாக 5.27 வருடம் காத்திருந்தார்கள், வெள்ளையினத்தவர் 4.67 வருடம். டெக்சஸ் வேறு, ரொறன்ரோ வேறு என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் ரொறன்ரோவின் எண்ணைக் காட்டுங்கள்.

இங்கே உப அதிபராவதற்கு என்ன வேண்டும் என்று தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டம், ஐந்து வருடக் கற்பித்தல் அனுபவம், மூன்று வகுப்புப் பிரிவுகளில் தகைமை, அதற்கு மேல் முதுகலைப் பட்டமோ சிறப்புத் தகைமைகளோ. பிறகு இரண்டு பாகமாக நடக்கும் அதிபர் தகைமைப் பயிற்சி; பாடசாலை முடிந்த பின்னேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும், பெரும்பாலும் சொந்தப் பணத்தில். இடையில் ஒரு செயல்முறைப் பயிற்சி வேறு. இதையெல்லாம் முடித்தால் விண்ணப்பிக்கும் உரிமை வரும், அவ்வளவுதான். இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 1998 முதல் அதிபர்களும் உப அதிபர்களும் ஆசிரியர் சங்கத்தில் இருக்க முடியாது. உப அதிபர் ஆன நாளே சங்கத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது. ஒரு தவறான இடத்தில் மாட்டி, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் போனால் பின்னால் நிற்க ஆளில்லை. வீட்டுக் கடனும் ஊரில் பெற்றோரும் இருக்கும் முதல் தலைமுறை ஆசிரியருக்கு இது சின்ன விஷயமா? நிரந்தர வேலை கிடைக்கவே சப்ளை ரீச்சராக (மாற்று ஆசிரியராக) பல வருடம் அலைந்தவர்கள் அதை எளிதில் பணயம் வைக்க மாட்டார்கள்.

தாளில் உள்ள தகுதிகள் இவை. தாளில் இல்லாத தகுதி ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: யாராவது உங்களைக் கூப்பிட்டு "நீ ஏன் உப அதிபருக்குப் போடக்கூடாது?" என்று கேட்க வேண்டும்.

நான் பேசிய உப அதிபர்கள், அதிபர்கள் அத்தனை பேரும், எந்த இனமானாலும், தங்கள் கதையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள். யாரோ ஒரு அதிபர் ஒருநாள் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டவர் அடுத்த மாதம் பாடசாலை முன்னேற்றத் திட்டக் குழுவில் சேர்த்திருக்கிறார். அதிபர் இல்லாத நாளில் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார். நேர அட்டவணை போடும்போது பக்கத்தில் இருத்திக் காட்டியிருக்கிறார். பட்ஜெட்டைத் திறந்து வைத்துப் பணம் எங்கே போகிறது என்று விளக்கியிருக்கிறார். நேர்முகத்தில் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் இந்த வேலைகளில்தான் கிடக்கின்றன. கூப்பிடப்படாதவருக்கு அந்தப் பதில்கள் வாய்ப்பதில்லை. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரைப் பார்த்தால் தன் இளமை நினைவுக்கு வருகிறதோ அவரைத்தான் மனிதர் கூப்பிடுவார். அதனால்தான் இது இவ்வளவு பிடிவாதமாகத் தொடர்கிறது.

கூப்பிடப்படாதவர் சும்மா இருக்கிறாரா? எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பல வருடமாகக் கற்பிக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர். ஜனவரி வந்தால் தமிழ் மரபுத் திங்கள் (மரபு மாதம்) கொண்டாட்டம் அவர் தலையில். பொங்கல் பானையை வீட்டிலிருந்து கொண்டுவருவது, உணவு அறையில் நெருப்பு எச்சரிக்கை மணி அடிக்காமல் எப்படிப் பொங்குவது என்று பராமரிப்பாளரோடு பேசி முடிப்பது, கோலப்பொடி நிலத்தில் ஒட்டாமல் தாள் விரிப்பது, வேட்டி கட்டத் தெரியாத பொடியன்களுக்குக் கட்டிவிடுவது எல்லாம் அவர்தான். வருடம் முழுக்க, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் அவர் பெயர் வரும். கந்தோரில் ஒரு அம்மம்மா நிற்பார். பேரனை ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆசிரியை போய் விளங்கப்படுத்தி, அழுபவரை ஆற்றி, திரும்பி வகுப்புக்கு ஓடுவார். வகுப்பில் அந்த நேரம் இருபத்தைந்து பிள்ளைகளைப் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அகதிகளாக வந்த சிரியப் பிள்ளைகள் சேர்ந்த காலத்தில் அவர்களுக்கும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். அரபு தெரியாது; ஆனாலும் "உனக்குத்தான் இவையளை விளங்கும்" என்றார்களாம்.

இதெல்லாம் தலைமைத்துவம் இல்லையென்றால் எது தலைமைத்துவம்? கலங்கி நிற்கும் குடும்பத்தை எதிர்கொள்வது, பல கைகளை ஒன்று சேர்த்து ஒரு நிகழ்வை நடத்துவது, நம்பிக்கை இல்லாத பெற்றோரைப் பாடசாலைக்குள் கொண்டுவருவது. நல்ல அதிபர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒன்ராறியோவின் தலைமைத்துவச் சட்டகத்தை எடுத்துப் பாருங்கள். குடும்பங்களோடும் சமூகத்தோடும் உறவு கட்டுவது அதில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியை விண்ணப்பத்தில் இதை எழுதியபோது, "இது நல்லது, ஆனால் முழுப் பாடசாலை அளவிலான அனுபவம் காணாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அதே பாடசாலையில் கணிதக் குழுவை நடத்திய இளம் ஆசிரியர் உப அதிபராகிவிட்டார். அவர் திறமையானவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் குழுவை யார் அவரிடம் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பாடசாலை மன்றத்தில் இருந்ததால் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோ விதிப்படி அதிபர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றிக் கல்விச்சபைகள் பெற்றோரின் பாடசாலை மன்றங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு படிவம் வரும்: உங்கள் அடுத்த அதிபர் எப்படி இருக்க வேண்டும்? கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி ஆறிய பிறகு, "அணுகக்கூடியவர், நல்ல தொடர்பாடல், பிள்ளைகளில் அக்கறை" என்று மூன்று வரி எழுதி அனுப்புவோம். யார்தான் அணுக முடியாத அதிபரைக் கேட்பார்கள்? அந்தப் படிவத்தால் எதுவும் மாறியதாக நான் காணவில்லை. மே மாதம் போல ஒரு மின்னஞ்சலில் புதிய அதிபரின் பெயர் வரும்.

இனி நான் கேட்பது. முதலில் எண்கள். மொத்த ஊழியர்களில் இத்தனை சதவீதம் என்று ஒரு வட்டப்படம் போட்டால் போதாது. சமையலறை உதவியாளரையும் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து எண்ணினால் எந்த நிறுவனமும் பல்வண்ணமாகத்தான் தெரியும். உப அதிபர் பதவிக்கு விண்ணப்பித்தவர்கள் யார், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் யார், தகுதிப் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள் யார், பட்டியலில் இருந்து உண்மையில் நியமனம் பெற எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று நாலு எண்களை இனவாரியாக, பெயரில்லாமல், வருடா வருடம் வெளியிடுங்கள். மாணவர்களின் இனத் தரவைச் சேகரிக்கச் சட்டமே இருக்கிறது. 2017இன் இனவெறி எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் எல்லாக் கல்விச்சபைகளும் 2023 ஜனவரிக்குள் அதைத் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பெரியவர்களை எண்ணுவது கடினமாக இருக்காது.

அடுத்தது, அந்தக் கூப்பிடுதல். அதை ஒரு அதிபரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அதிபரும் வருடத்தில் ஒருமுறை தன் ஆசிரியர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து, தலைமைப் பதவியில் ஆர்வம் உண்டா என்று நேராகக் கேட்டுப் பதிவு செய்யட்டும். பதில் "இல்லை" என்றால் பரவாயில்லை. கேட்காமல் விடுவதுதான் பிழை. நேர அட்டவணை, பட்ஜெட், முன்னேற்றத் திட்டம் போன்ற வேலைகளைச் சுழற்சியில் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, குடும்பத் தொடர்பு, மரபுத் திங்கள் வேலைகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். அதற்கு நேரம் ஒதுக்கி, மாற்று ஆசிரியரையும் கொடுங்கள்.

இதற்குப் பணம் இல்லை என்பீர்கள். மேற்பார்வையாளர்கள் வந்ததே பணத்துக்காகத்தானே. ஆனால் அமெரிக்காவில் வாலஸ் அறக்கட்டளையின் உதவியோடு 2011 முதல் நியூயோர்க், டென்வர், ஷார்லட்-மெக்லன்பர்க் உட்பட ஆறு பெரிய நகர, புறநகர்க் கல்வி மாவட்டங்கள் இதைத்தான் ஒழுங்காகச் செய்து பார்த்தன: யாரைத் தயார்படுத்துவது, எப்படித் தேர்ந்தெடுப்பது, பதவிக்கு வந்த பின் யார் துணை நிற்பது என்று ஒரு தொடர்ச்சியான ஏற்பாடு. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2019இல் அதை மதிப்பிட்டது. இப்படித் தயாரான புதிய அதிபர்கள் வந்த பாடசாலைகள், மூன்று வருடம் கழித்து, அதே மாதிரியான பிற பாடசாலைகளை விட வாசிப்பில் 6 சதமானப் புள்ளிக்கு மேலும் கணிதத்தில் கிட்டத்தட்ட 3 புள்ளியும் முன்னே நின்றன. செலவு வருடத்துக்கு ஒரு மாணவருக்கு 42 அமெரிக்க டொலர். அது இனத்தை மட்டும் மனதில் வைத்த திட்டம் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முறையாக ஆள் தயார்படுத்தினால் பிள்ளைகளுக்கு நன்மை, அதற்குப் பெரிய பணமும் தேவையில்லை என்பதற்காகத்தான் காட்டுகிறேன்.

சட்டம் தடுக்கிறது என்ற பேச்சும் வரும். தடுக்கவில்லை. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்கான சிறப்புத் திட்டங்களை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கனடிய உரிமைச் சாசனத்தின் 15ஆம் பிரிவும் அப்படியே.

அப்புறம், எடுத்தவர்களை எங்கே அனுப்புகிறீர்கள்? கறுப்பின அதிபரை ஜேன்-ஃபிஞ்சுக்கும், தமிழ் உப அதிபரை மல்வேர்னுக்கும், பாகிஸ்தானியரைத் தோர்ன்கிளிஃப் பார்க்குக்கும் அனுப்பிவிட்டு "பாருங்கள், சமூகத்தைப் பிரதிபலிக்கிறோம்" என்று படம் போட வேண்டாம். அங்கேயும் அவர்கள் தேவை. ஆனால் வசதியான, வெள்ளையர் கூடுதலாக வாழும் லீசைட்டிலும் லோரன்ஸ் பார்க்கிலும் இருக்கும் பிள்ளைகளும் அப்படியான ஒருவரைத் தங்கள் அதிபராகக் காண வேண்டாமா? கடினமான பாடசாலைகளை மட்டுமே கொடுத்து, மூன்று வருடத்தில் களைத்துப் போனதும் "முயற்சி செய்தோம், சரிவரவில்லை" என்று கோப்பை மூடுவதும் ஒரு வகைப் புறக்கணிப்புத்தான்.

எங்கள் ஆட்களுக்கும் சில வார்த்தைகள். பிள்ளை டாக்டர் ஆக வேண்டும், எஞ்சினியர் ஆக வேண்டும், அதுவும் இல்லையென்றால் கணக்காளர். ஆசிரியராகப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து "மாக்ஸ் காணாதோ?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஊரில் அதிபராக இருந்தவர்கள் இங்கே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டு, கிழமை நாட்களில் தொழிற்சாலைக்குப் போனதைப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்த அனுபவத்தை இந்த மாகாணம் வீணாக்கியது உண்மை. அதைப் பார்த்து நாங்களும் இந்தத் தொழிலைக் குறைவாக மதிக்கப் பழகிவிட்டோம். இன்னொன்று: ஒரு தமிழர் அதிபராக வந்தால் "எங்கட ஆள்தானே" என்று பிள்ளையின் வகுப்பை மாற்றித் தரச் சொல்லிப் போய் நிற்காதீர்கள். வந்த ஒருவரையும் நாங்களே ஓட்டிவிடுவோம்.

பாடசாலை தொடங்கி முப்பது நாளுக்குள் மன்றத் தேர்தல் நடக்க வேண்டும். போய் நில்லுங்கள். அந்த அதிபர் படிவம் வரும்போது கூட்டத்தின் முதல் விஷயமாக எடுக்கச் சொல்லுங்கள். "அணுகக்கூடியவர்" என்பதை விட்டுவிட்டு, "தகுதிப் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் யார்?" என்று எழுதிக் கேளுங்கள்.

பணிப்பாளர்களே, மேற்பார்வையாளர்களே, அடுத்த வசந்தத்தில் அதிபர், உப அதிபர் நியமனப் பட்டியலை நீங்கள் வெளியிடும்போது மேலே கேட்ட நாலு எண்களும் அதோடு வரும் என்று எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுவோம். அதற்கான படிவத்தை நிரப்பச் சில பெற்றோர் ஏற்கனவே முன்வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து,
பாடசாலை மன்றத்தில் இருந்த ஒரு தாய்